பிரிக்காத பொட்டலம்

என் பெரியப்பா ராஜாங்கத்துக்குச் சாமி பயம் துளியும் கிடையாது. இது எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது. அதுவரை செஞ்சி ஊரிலேயே அவரைப் போல ஒரு அங்காளம்மன் பக்தர் கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போவார். நெற்றி நிறையக் குங்குமத்தோடு பஸ்ஸை விட்டு இறங்குவார். யாராவது எதிர்த்துப் பேசினால் தாயி பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். தாயி என்ன பார்க்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்து வைத்திருந்தார் என்பதுதான் பின்னால் தெரியவந்த சங்கதி.

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் வெளியே அடையாளம் தெரியாமல் பொட்டலமாக மடித்து, நாரால் கட்டி, தட்டில் வைத்து, சாமியைக் கும்பிட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் பெரியவர்கள் சொன்னது நடக்கும். சிவப்பு வந்தால் மறுபக்கம் கேட்டது நடக்கும். குழந்தை எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். பிரித்தால் சாமி வாக்கைச் சந்தேகப்பட்டதாகிவிடுமாம். அதை அப்படியே புற்றடியில் போட்டுவிட்டு வந்துவிடுவோம். பொட்டலம் கட்டுவது வீட்டுக்கு மூத்தவர் வேலை. போர்வெல் எங்கே போடுவது, மாட்டை விற்பதா வைத்துக்கொள்வதா, தைலம்மாள் அத்தைக்கு எந்த மாப்பிள்ளை, எல்லாம் பெரியப்பா கட்டிய பொட்டலத்தில்தான் முடிவானது.

என் படிப்பும் அப்படித்தான் முடிவானது. பிளஸ் டூ முடித்தபோது நான் வக்கீலுக்குப் படிக்க ஆசைப்பட்டேன். வாய் எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் நீளம். வகுப்பில் யாருக்காவது அநியாயமாக அடி விழுந்தால் நான்தான் எழுந்து நின்று ஏன் என்று கேட்பேன், கேட்டதற்காக நானும் அடி வாங்குவேன். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வக்கீல் படித்தவர்கள் கோர்ட்டு வாசலில் ஈ ஓட்டுகிறார்கள், நர்சிங் படித்தால் சர்ட்டிபிகேட் வாங்கிய கையோடு வேலை, உள்ளூரிலும் வேலை, வெளிநாட்டிலும் வேலை என்றார். நான் விடவில்லை. ஈ ஓட்டாத வக்கீல் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா நடுவில் தவித்தார். என் நைனா பச்சைமுத்து தன் அண்ணன் முன்னால் உட்காரக்கூட மாட்டார். அம்மா செத்த பிறகு எனக்குச் சோறு போட்டது பெரியப்பா வீடு என்ற நன்றி வேறு அவர் தலையில் உட்கார்ந்திருந்தது. கடைசியில் பெரியப்பா, சண்டை எதற்கு, தாயியையே கேட்டுவிடலாம் என்றார்.

அமாவாசையன்று மேல்மலையனூர் கோயிலில் பூக்கட்டினோம், வெள்ளை வந்தது. நான் அங்கேயே, அத்தனை பேருக்கும் நடுவில், இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். கேட்ட வாய் மூடவில்லை, நைனா கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததே கிடையாது. சாமி குத்தம் வந்துவிடும் என்ற பயத்தில் அடித்தார். அடித்துவிட்டு அவரே அழுதார். சாமியோடு எனக்கு வழக்கு நடத்தத் தெரியவில்லை. நர்சிங் சேர்ந்தேன்.

நர்சிங் மோசமான படிப்பு என்று நான் சொல்லமாட்டேன். படித்து முடித்ததும் விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஊசி போட்டால் வலிக்கவில்லை என்று நோயாளிகள் சொல்வார்கள். வேலை விஷயத்தில் பெரியப்பா சொன்னது சரிதான். ஆனால் ஒவ்வொரு நாளும் வெள்ளை உடையைப் போடும்போது, இது நான் தேர்ந்தெடுத்தது இல்லை, அங்காளம்மா எனக்குக் கொடுத்தது என்று சொல்லி மனசை ஆற்றிக்கொள்வேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன.

போன பங்குனியில் பெரியம்மா ராஜம்மாளுக்குப் பித்தப்பையில் கல் என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் நடந்தது. நான்தான் பார்த்துக்கொண்டேன். மூத்திரத் துணி மாற்றினேன், உடம்பு துடைத்தேன், தலை வாரிவிட்டேன். மூன்றாம் நாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வளரு, வளரு என்று என் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தார்.

"இந்தக் கையால எனக்குச் செய்யாத, வளரு. எனக்கு அடுக்காது. அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் இருந்துச்சு. உங்க பெரியப்பா கட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

நான் கஞ்சிக் கிண்ணத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தேன். கோபம் வந்தால் எனக்கு உடம்பு நடுங்காது, சில்லிட்டுப் போகும். பெரியம்மா அதோடு நிறுத்தவில்லை. மகன் விமல் படிப்பு விஷயத்தில் எதிர்த்துப் பேசினால் அவனுக்கும் அதையே செய்வார், பெற்ற பிள்ளை என்றுகூடப் பார்க்கமாட்டார், நீதான் ஏதாவது செய்ய வேண்டும் என்றார். நான் அவர் வாயைத் துடைத்துவிட்டு, செய்கிறேன் பெரியம்மா, ஆனால் நான் கேட்கும்போது நீங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் அழுதுகொண்டே தலையை ஆட்டினார்.

உடனே நைனாவிடம் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் என்ன நடக்கும்? நைனா நம்பமாட்டார். நம்பினாலும் அண்ணன் நல்லதுக்குத்தான் செய்திருப்பார் என்று எனக்கே சமாதானம் சொல்லுவார். பெரியப்பா ஒரே வார்த்தையில் இல்லை என்று முடித்துவிடுவார். அப்படி ஒரு மூலையில் வைத்து மன்னித்துவிடக்கூடிய காரியமாக அதை ஆக்க எனக்கு விருப்பமில்லை. என்னை நாலு பேர் முன்னால் தோற்கடித்தார். அவரும் நாலு பேர் முன்னால் தோற்க வேண்டும். அதே கோயிலில், அதே போல ஒரு அமாவாசையில், அவர் கட்டிய பொட்டலத்தாலேயே. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே இதை முடிவு செய்துவிட்டேன்.

விமல்ராஜ் என் பெரியப்பாவின் ஒரே பையன். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த செல்லம். படிப்பு சுமார். கணக்கு என்றால் காய்ச்சல் வரும். ஆனால் வயலில் அறுப்பு மிஷின் இறங்கினால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே ஓடுவான். வீட்டில் இருக்கும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மிஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு, பெரியப்பாவிடம் உதை வாங்குவதற்குள் திரும்ப மாட்டி ஓடவிட்டுவிடுவான். பெரியப்பாவுக்கோ தெருவில் இருக்கும் மற்றப் பையன்களைப் போல இவனும் சென்னையில் ஐடி கம்பெனியில் உட்கார வேண்டும். தனியார் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்குக்கு இடம் சொல்லி வைத்துவிட்டார். எந்தக் கல்லூரி, எப்படிப்பட்டது என்று விமலுக்கே தெரியாது.

அவன் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் மேற்படிப்பு வழிகாட்டி முகாம் என்று ஒன்று நடத்தினார்கள். வந்து பேசிய மேடம், உனக்கு எது பிடிக்கும், ஊருக்கு எது தேவை, இரண்டும் எங்கே சேர்கிறதோ அங்கே போ என்று சொன்னாராம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டும் எங்கே சேர்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதைச் சொல்லாமல், ஆளுக்கொரு பேனா கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். விமல் அந்தப் பேனாவோடு என்னிடம் வந்தான். எனக்கு மிஷின் பிடிக்கும் அக்கா, ஆனால் என் நைனாவிடம் சொன்னால் கிரீஸ் கை என்று கேவலமாகப் பேசுவார் என்றான்.

நான் அவனை உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்தேன். பிடிக்கும் என்றால் எவ்வளவு பிடிக்கும்? வெயிலில் வயிற்றுப்பசியோடு ஒரு நாள் முழுக்க மிஷினுக்கு அடியில் கிடந்தாலும் பிடிக்குமா? உனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக யார் உனக்குச் சம்பளம் கொடுப்பார்கள்? அவனுக்குப் பதில் தெரியவில்லை. போய்த் தெரிந்துகொண்டு வா என்று விரட்டினேன். பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அனந்தபுரம் வரை போனான். அறுப்பு மிஷின் வைத்திருப்பவர்களை, மல்லாட்டை மில்காரர்களை, டிராக்டர் ஷோரூம்காரர்களைப் பார்த்துப் பேசினான். சீசன் நேரத்தில் மிஷின் படுத்துவிட்டால் ஆத்தூரிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறதாம். ஆள் வருவதற்குள் மழை வந்துவிடுகிறதாம். படித்துவிட்டு வா, முதல் வேலை எங்களுடையதுதான் என்று ஒரு மிஷின் ஓனர் சொல்லி அனுப்பியிருந்தார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ, பிளஸ் டூ முடித்தவனுக்கு நேராக இரண்டாம் வருஷத்திலேயே இடம், பிறகு வேண்டுமானால் இன்ஜினியரிங்கும் சேரலாம் என்று நானும் விசாரித்துச் சொன்னேன். பையன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

தம்பி மேல் பாசத்தால் செய்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாசம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரியப்பாவை அடிக்க எனக்கு ஒரு கோல் தேவைப்பட்டது. விமலின் ஆசை வெறும் ஆசையாக இருந்தால் அவர் அடித்த அடியில் முறிந்துவிடும். அதனால்தான் அதை முறியாதபடி ஆக்கினேன்.

விமல் வீட்டில் வாயைத் திறந்தான். பெரியப்பா கத்தினார், பட்டினி போட்டார், பேசாமல் இருந்தார். பையன் மசியவில்லை. மிஷின் ஓனர் சொன்னதை எடுத்துச் சொன்னான், பாலிடெக்னிக் விவரத்தைச் சொன்னான். பெரியப்பாவிடம் எதிர்வாதம் தீர்ந்துபோனது. எதிர்வாதம் தீர்ந்துபோனால் அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். வைகாசி அமாவாசைக்கு எல்லோரும் மேல்மலையனூர் கிளம்புங்கள், தாயியையே கேட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். நான் லீவு போட்டேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் கூட்டம் அலைமோதியது. பெரியப்பா, பெரியம்மா, விமல், நைனா, தைலம்மாள் அத்தை, அத்தையின் நாலு வயதுப் பேத்தி, நான். ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்கு ஜனம் நெரியும் என்பதால் காலையிலேயே போய் முடித்துக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. தைலம்மாள் அத்தை வருவதில் எனக்குப் பரம திருப்தி. அத்தை காதில் விழுந்த விஷயம் மறுநாள் திண்டிவனத்தில் இருக்கும். வழி நெடுக விமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளை வந்தால் என்ன அக்கா செய்வது என்று கேட்டுக்கொண்டே வந்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பேசாமல் வா என்றேன்.

கோயில் வெளிப்பிராகாரத்தில் வேப்பமர நிழலாகப் பார்த்து உட்கார்ந்தோம். பெரியப்பா பையை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். எப்போதும் அப்படித்தான் கட்டுவார், இலையும் நாரும் எடுத்துக்கொடுக்கப் பெரியம்மா மட்டும் பக்கத்தில் இருப்பார். பூ வைக்கும்போது வேறு யார் கண்ணும் படக் கூடாதாம். இத்தனை வருஷமாக நாங்கள் எல்லோரும் அந்த முதுகைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருந்தோம். அன்றும் உட்கார்ந்திருந்தோம். நாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினார். தட்டில் இரண்டு பொட்டலம். பெரியம்மா என்னைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். இரண்டிலும் வெள்ளைதான் என்று புரிந்தது.

"கற்பூரம் எங்க பெரியப்பா?" என்று கேட்டேன்.

பையில் தேடினார். இருக்காது. பஸ்ஸிலேயே அதை நான் என் கைப்பைக்கு மாற்றிவிட்டிருந்தேன். சலித்துக்கொண்டே தட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைப்பக்கம் போனார். கூட்டத்தில் அவர் போய் வர நேரமானது. அதுவரை தட்டை நான்தான் வைத்திருந்தேன். கொஞ்ச தூரம் தள்ளி மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். நான் மறைவாக நின்றதை அவர் திரும்பி வரும்போது பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் போனேன். பார்த்தார்.

கற்பூரம் ஏற்றினோம். எல்லோரும் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விமல் உதட்டைக் கடித்தபடி நின்றான். அத்தை பேத்தியைத் தூக்கிக்கொண்டு தட்டுக்கு முன்னால் வந்தார். நான் பெரியப்பாவின் பக்கத்தில் போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"பெரியப்பா, நீங்க வெள்ள வச்சீங்க. நான் ரெண்டுலயும் செவப்பு வச்சிட்டேன். இப்போ பாப்பா எத எடுத்தாலும் விமலு பாலிடெக்னிக்தான்."

அது பொய். பொட்டலத்தை நான் தொடக்கூட இல்லை. சாமி சன்னிதியில் பொய் சொன்னதற்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டால் போகிறது. என்ன செய்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் முகம் இறுகியது, ஆனால் வாய் திறக்கவில்லை. குழந்தையின் கை தட்டை நோக்கிப் போனது. இவர் பேசாமல் இருந்துவிட்டால் வெள்ளை வரும். விமல் அந்தப் பெயர் தெரியாத கல்லூரிக்குப் போய்ச் சேருவான். நான் என் கணக்கைத் தீர்க்க அந்தப் பையனின் வாழ்க்கையைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்தவள், இன்னும் ஒரு மூச்சு காத்திருந்தேன்.

பெரியப்பா குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தார். குழந்தை வீலென்று அழுதது.

"எடுக்காத. இவ பொட்டலத்த மாத்திட்டா. ரெண்டுலயும் செவப்பு வச்சிருக்கா. தாயி முன்னாடியே திருட்டுத்தனம் பண்றா இவ."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் தின்றுகொண்டிருந்த வேற்று ஊர்க்காரர்கள்கூடத் திரும்பினார்கள். நைனாவின் முகம் வெளுத்துவிட்டது. இன்னாம்மா இது என்று கேட்டபடி என் பக்கம் வந்தார். அவர் கை மறுபடி உயருமோ என்று ஒரு கணம் நினைத்தேன். உயரவில்லை.

"நான் தொடவே இல்ல நைனா. வேணும்னா பிரிச்சுப் பாருங்க" என்றேன்.

நைனா பிரிக்கக் கூடாது என்றார். இரண்டையும் பிரிப்பது எங்கள் வீட்டில் இல்லாத வழக்கம் என்று அத்தையும் பின்வாங்கினார். ஆனால் பெரியப்பாவுக்கு என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட உற்சாகம். இத்தனை வருஷமாக எந்த வழக்கத்தின் பின்னால் ஒளிந்திருந்தாரோ அந்த வழக்கத்தை அவரே தூக்கிப் போட்டார். மூத்தவன் நான் சொல்றேன், பிரி தைலம்மா, இவ லட்சணத்த எல்லாரும் பாக்கட்டும் என்றார்.

அத்தை பேத்தியை இறக்கிவிட்டு முதல் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்தார். நந்தியாவட்டை. வெள்ளை.

பெரியப்பாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது. இரண்டாவதைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்ல வந்தாரோ என்னவோ, அதற்குள் அத்தையின் விரல் நாரை இழுத்துவிட்டது. அதிலும் நந்தியாவட்டை. அதே செடியில் பறித்த பூ.

அத்தை இரண்டு இலையையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். பெரியப்பா சுதாரித்துக்கொண்டு, இதுவும் இவள் வேலைதான், என்னை மாட்டிவிட வெள்ளையாக மாற்றியிருக்கிறாள் என்றார்.

"பெரியம்மா, நீங்க சொல்லுங்க" என்றேன்.

பெரியம்மா வயிற்றில் தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். புருஷனைப் பார்க்கவில்லை. என் நைனாவைப் பார்த்துச் சொன்னார்.

"அவருதான் கட்னாரு தம்பி. ரெண்டுலயும் வெள்ள. வளருக்குக் கட்டுனப்பவும் ரெண்டுலயும் வெள்ளதான்."

நைனா தன் வலது கையை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். என்னை அறைந்த கை. பிறகு அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் அத்தனை பாடுபட்டேன் என்று நினைத்திருந்தேன். பெரியப்பாவுக்கு என்று ஓங்கிய அடியில் பாதி நைனா மேல் விழுந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தாங்காததற்கும் சேர்த்துப் பெரியப்பா மேல்தான் கோபம் வந்தது.

பெரியப்பா விடவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, நல்லதுக்குத்தானே செய்தேன் என்றார். இவள் இன்று சம்பாதிக்கவில்லையா, வக்கீலுக்குப் படித்திருந்தால் யார் சோறு போட்டிருப்பார்கள், ஊர் உலகத்தில் எதற்கு வேலை இருக்கிறது என்று சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று அடுக்கினார். அத்தனையும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வேல கெடைக்கும்னு நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லல பெரியப்பா" என்றேன். "நேரா நின்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் சண்ட போட்டிருப்பேன். ஒருவேள உங்ககிட்ட தோத்துங்கூட போயிருப்பேன். என்ன சண்ட போடவே வுடாம பண்ணிட்டீங்க. சாமியோட யாரு பெரியப்பா சண்ட போடுவா?"

ஆனால் அன்றைக்கு அவரை முடித்தது நான் இல்லை. அத்தைதான். அதுவரை உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்த தைலம்மாள் அத்தை மெல்ல நிமிர்ந்தார். அத்தையின் புருஷன் குடித்தே செத்தவர். கல்யாணப் பேச்சு நடந்தபோது அத்தையைப் பெண் கேட்டு இன்னொரு மாப்பிள்ளையும் வந்தார், மண்டகப்பட்டில் வாத்தியார் வேலை, அத்தைக்கும் அவர் மேல் ஒரு பிரியம் என்று வீட்டில் அரசல்புரசலாகப் பேசிக்கொள்வார்கள். அத்தை கத்தவில்லை. ஊரைக் கூட்டும் அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"எனக்கும் நீதானண்ணா கட்டுன?"

பெரியப்பா தரையைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தை இரண்டு இலைகளையும் கீழே உதறினார். நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. என் ஒருத்தியின் கணக்கைத் தீர்க்க வந்தேன். பழைய பாக்கி இன்னும் யார் யாருக்கு இருக்கிறதோ என்று நினைத்ததும் உடம்பு மறுபடி சில்லிட்டது.

நைனாதான் முதலில் அசைந்தார். அண்ணனைத் தாண்டிக்கொண்டு விமலிடம் போய் நின்றார். அவர் அப்படி அண்ணனுக்கு முதுகைக் காட்டி நின்று நான் பார்த்ததில்லை.

"உனக்கு இன்னா படிக்கணும், நீ சொல்லு" என்றார்.

விமல் தன் நைனாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். அறுப்பு மிஷின், ஆத்தூர் ஆள், முதல் வேலை தருகிறேன் என்ற ஓனர், எல்லாவற்றையும் சொன்னான். நைனா நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். டிப்ளமோவோடு நின்றுவிடுவாயா, மேலே படிப்பாயா என்றார். சீசன் இல்லாத மாசங்களில் என்ன செய்வாய் என்றார். முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. இரண்டாவதற்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் சித்தப்பா என்றான். தெரியவில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு ஆண்பிள்ளை வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை பாலிடெக்னிக்குக்கு நானே கூட வருகிறேன் என்றார் நைனா. என் முகத்தைப் பார்க்க அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பிறகு தரிசனத்துக்குப் போக வேண்டுமே. வந்தது வந்தோம், தாயியைப் பார்க்காமல் போகக் கூடாது என்று பெரியம்மா சொன்னார். எப்போதும் அர்ச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவது பெரியப்பா. அன்றைக்கும் பழக்கத்தில் கை நீட்டினார். அத்தை தட்டை எடுத்து என் நைனாவின் கையில் கொடுத்தார். பெரியப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"நீ உள்ள வராதண்ணா" என்றார் அத்தை. "இங்கியே குந்திக்கினு செருப்பப் பாத்துக்க."

எங்கள் ஆறு ஜோடிச் செருப்பும் அவர் காலடியில் கிடந்தன. எனக்கு ஒரு சந்தேகம், கத்துவார் என்று. கத்தவில்லை. துண்டை உதறிப் போட்டு, செருப்புகளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

வரிசை நீளமாக இருந்தது. கம்பித் தடுப்புக்குள் வளைந்து வளைந்து நகர்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு வேப்பமரத்தடி தெரிந்தது. பெரியப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடும்பத்தோடு வந்த யாரோ ஒருவர் அவரைச் செருப்புக் காவலுக்கு உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்துவிட்டார் போல. தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் விட்டுவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். மாட்டேன் என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்து செருப்பை விட்டார்கள்.

என் மனசு நிறைந்தது. அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை. முன்னால் நின்ற விமல், வரிசை நகர்கிறது அக்கா, வா என்று என் கையைப் பிடித்து இழுத்தான். இந்த வரிசை இன்னும் கொஞ்சம் மெதுவாகவே போகட்டும் என்று அங்காளம்மாவையே வேண்டிக்கொண்டேன்.